விரிசலைத் திறந்த பின்பே மூடலாம்: ஒரு கண்ணாடியிழைப் படகின் பழுதுபார்ப்பு

கடல் சூழ்ந்த நாட்டில் வாழ்ந்தாலும் நம்மில் பலர் கடலைக் கிழக்குக் கடற்கரைப் பூங்காவின் நடைபாதையிலிருந்தே பார்த்துப் பழகியவர்கள். முன்னாள் மாணவர்களாகிய நாங்கள் ஆறு பேர் பணம் சேர்த்து ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினோம் என்று சொன்னபோது, "உங்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்று கேட்டவர்களே அதிகம். படகின் நீளம் 4.3 மீட்டர். இருவர் செலுத்தக்கூடியது. வயது இருபதைத் தாண்டிவிட்டது. அடிப்பகுதியில் ஒரு விரிசலும் இருந்தது. விலை குறைவாக இருந்ததற்கு அந்த விரிசலும் ஒரு காரணம்.

அந்த விரிசலைச் சரிசெய்த அனுபவத்தைக் கொண்டு, கண்ணாடியிழைப் படகு எவ்வாறு உடைகிறது, எவ்வாறு ஒட்டுகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பொறியியல் படிக்காதவர்களும் பின்தொடரும்படி எழுத முயன்றிருக்கிறேன். தமிழில் நன்கு புழங்கும் கலைச்சொற்களைத் தமிழிலும், கடையிலும் பட்டறையிலும் எல்லாரும் சொல்லும் சொற்களை அவர்கள் சொல்கிறபடியும் தந்திருக்கிறேன்.

கண்ணாடியிழை என்றால் என்ன?

கண்ணாடிக் குவளை கைதவறி விழுந்தால் நொறுங்கும். அதே கண்ணாடியை உருக்கி, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழையாக இழுத்தால் அது வளையும். இழுத்தாலும் எளிதில் அறாது. இதற்கான காரணத்தை ஆங்கிலேயப் பொறியாளர் ஏ. ஏ. கிரிஃபித் 1921இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். கண்ணாடி வலுவிழப்பதற்கு அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்களே காரணம். இழை மெல்லியதாக ஆக ஆக, அதில் பெரிய கீறல் இருப்பதற்கு இடமே இல்லாமல் போகிறது.

ஆனால் இழைகள் தனியாக இருந்தால் நூல் போலத் துவண்டுவிடும். அவற்றைப் பிசினில் தோய்த்து இறுகவைத்தால், பிசின் இழைகளை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. இழைகள் இழுவிசையைத் தாங்கிக்கொள்கின்றன. இப்படி இரண்டு பொருள்கள் சேர்ந்து, தனித்தனியே இல்லாத வலுவைப் பெறுவதால் இதைக் கலப்புப்பொருள் என்கிறோம். கண்ணாடியிழைப் படகுகள் 1940களில் தோன்றி, 1950, 60களில் மரப்படகுகளின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கின. தமிழகக் கடற்கரையிலும் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு 'பைபர் போட்' மிகவும் பெருகியது.

ஒரு சிறு படகின் அடிப்பகுதியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முதலில் வெளியே தெரிவது ஜெல்கோட் என்னும் நிறமூட்டிய மேற்பூச்சு. இதன் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். பளபளப்பைத் தருவதும் நீரையும் வெயிலையும் தடுப்பதும் இதன் வேலை. இதற்கென்று பெரிய வலு கிடையாது. அதற்கு உள்ளே கண்ணாடியிழை மேட், துணி ஆகியவற்றின் அடுக்குகள் பாலியெஸ்டர் பிசினில் தோய்ந்து இறுகியிருக்கும். எங்கள் படகில் அந்தப் பகுதியின் தடிமன் 3 மில்லிமீட்டர். கடலுக்கும் நம் காலுக்கும் இடையே இருப்பது இவ்வளவுதான்.

விரிசலைப் படித்தல்

எல்லா விரிசல்களும் ஆபத்தானவை அல்ல. பழைய படகுகளில் சிலந்தி வலைபோலவும் நட்சத்திரம்போலவும் தெரியும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் ஜெல்கோட்டோடு நின்றுவிடும். அவற்றைச் சற்றே அகலப்படுத்திப் புதிய ஜெல்கோட் நிரப்பினால் போதும். இழைகளே அறுந்திருந்தால் நிலைமை வேறு. அங்கே படகு தன் வலுவை இழந்திருக்கிறது.

இரண்டையும் பிரித்தறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு வெள்ளி நாணயத்தால் படகைத் தட்டிக்கொண்டே வரலாம். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று தெளிவான ஓசை கேட்கும். அடுக்குகள் பிரிந்த இடத்தில் ஓசை மந்தமாகிவிடும். ஓசை மாறும் இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்துச் சென்றால், சேதத்தின் எல்லை ஒரு வரைபடமாகக் கிடைத்துவிடும். அடுத்து, விரிசலின் இருபுறமும் உள்ளங்கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரு விளிம்பு மற்றதைவிட அதிகமாக உள்ளே போனால் இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். மூன்றாவதாக, விரிசல்மீது மைப்பேனாவால் தீட்டி, அசிட்டோன் நனைத்த துணியால் உடனே துடைக்க வேண்டும். மேற்பரப்பிலுள்ள மை போய்விடும். விரிசலுக்குள் இறங்கிய மை தங்கி, அதன் உண்மையான முனைகளைக் காட்டிக்கொடுக்கும்.

எங்கள் படகில் முதலில் தெரிந்தது 9 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு முடிக்கோடு. அந்த இடத்தின் நிறம் மட்டும் சற்று மங்கலாக இருந்தது. சுரண்டிப் பார்த்தபோது, முன்பு யாரோ பட்டி பூசி மேலே வண்ணம் அடித்திருந்தது தெரிந்தது. பட்டியை எடுத்ததும் விரிசல் 14 சென்டிமீட்டராகியது. மை தீட்டிப் பார்த்தபோது 19 சென்டிமீட்டர்!

இங்கே கிரிஃபித்தை மீண்டும் நினைவுகூர வேண்டும். நொறுங்கும் தன்மையுள்ள பொருளில் விரிசல் நீளமாக ஆக ஆக, அது மேலும் வளர்வதற்குத் தேவையான தகைவு குறைந்துகொண்டே போகும் என்பது அவர் கண்ட உண்மை. விரிசலின் நீளம் 4 மடங்கானால், தேவையான தகைவு பாதியாகிவிடும். கண்ணாடியிழையில் குறுக்கே செல்லும் இழைகள் விரிசலை ஓரளவு தடுத்து நிறுத்தும் என்றாலும், அந்த இழைகளும் ஒவ்வொன்றாக அறும்போது இதே கதைதான். பட்டி பூசி மறைத்தவர் விரிசலை நிறுத்தவில்லை. அது வளர்வதைப் பார்க்கும் வாய்ப்பை மற்றவர்களிடமிருந்து எடுத்துவிட்டார்.

இதன் விளைவு சிறியதன்று. இத்தகைய படகுகளில் காற்று அடைக்கப்பட்ட மிதவை அறைகள் உண்டு. படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருப்பது இவற்றால்தான். எங்கள் விரிசல் அத்தகைய ஓர் அறையின் அடியில் இருந்தது. கரையில் பார்த்தால் படகு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நடுக்கடலில் கவிழ்ந்து, அந்த அறையில் நீர் புகுந்துவிட்டால், படகை நிமிர்த்துவது இருவருக்கும் பெரும்பாடாகிவிடும். பாய்மரம் பழக வரும் முதலாமாண்டு மாணவர் ஒருவர் அதில் இருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

ஏன் அங்கே உடைந்தது?

விரிசலை அடைப்பதற்கு முன், அது ஏன் அந்த இடத்தில் தோன்றியது என்று கேட்க வேண்டும். கண்ணாடியிழை நன்றாக வளையும். ஆனால் வளையும் பரப்பு சட்டென்று ஒரு கடினமான விளிம்பைச் சந்திக்கும் இடத்தில் வளைவு முழுவதும் ஒரே கோட்டில் குவிந்துவிடும். உள்சுவரின் ஓரம், நடுப்பலகைக் கூட்டின் அடி, பாய்மரம் நிற்கும் இடம், கரையில் படகைத் தாங்கும் தள்ளுவண்டியின் குறுக்குக் கட்டை ஆகியவை அத்தகைய இடங்கள்.

எங்கள் படகைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பார்த்ததும் விடை கிடைத்தது. கட்டையின்மேல் இருந்த ரப்பர் தேய்ந்து, அதன் ஆணித்தலை சரியாக விரிசலுக்கு நேரே நின்றது. ஒவ்வொரு முறையும் படகைச் சரிவுப் பாதையில் இழுக்கும்போது, அந்த ஆணித்தலை அடிப்பகுதியைக் குத்தி வந்திருக்கிறது. இதை மாற்றாமல் படகை மட்டும் ஒட்டியிருந்தால், ஒட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு விரிசல் தோன்றியிருக்கும். ஆகவே முதலில் பழுதுபார்த்தது தள்ளுவண்டியைத்தான். கட்டைக்குப் பதிலாக அகலமான பட்டைவாரைக் கட்டினோம். படகின் எடை இப்போது ஒரு புள்ளியில் இல்லாமல் ஒரு பரப்பில் அமர்கிறது.

உப்பும் ஈரமும்

ஈரமான கண்ணாடியிழையில் பிசின் சரியாக ஒட்டாது. உப்பு இன்னும் மோசம். அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். ஆகவே முதல் வேலை, விரிசலையும் அதன் உட்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் பலமுறை கழுவுவது. அடுத்தது உலர்த்துவது. சிங்கப்பூரில் விடிவதற்கு முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழை இல்லாத பிற்பகலில் அது ஏறக்குறைய 60 விழுக்காடாகக் குறையும். படகைக் கூரையின்கீழ் கவிழ்த்து வைத்து, மூடிகளை எல்லாம் கழற்றி, மின்விசிறியை ஓடவிட்டு இரண்டு வாரம் காத்திருந்தோம்.

உலர்ந்துவிட்டதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. நிறமற்ற பிளாஸ்டிக் தாளொன்றை அந்த இடத்தில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் மூடி, வெயிலில் சிறிது நேரம் விட வேண்டும். தாளின் உட்பக்கத்தில் பனித்துளி படிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

திறப்பதே பாதி வேலை

இந்தக் கட்டத்தில் எங்களுக்கு வழிகாட்டியவர், படகுப் பட்டறையில் வேலை செய்யும் இராமநாதபுரத்து அண்ணன் ஒருவர். ஊரில் மீன்பிடிப் படகுகளுக்குக் கண்ணாடியிழை ஒட்டிப் பழகியவர். நாங்கள் விரிசலின்மேல் துணி ஒட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, மேல ஒட்டுனா அது ஸ்டிக்கரு. மொதல்ல நல்லா தொறங்க. கெட்டது பூரா வெளிய வரட்டும். அப்புறம் மூடுங்க."

அவர் பட்டறை மொழியில் சொன்னதைப் பொறியியல் பின்வருமாறு விளக்குகிறது. பழைய பிசின் இறுகி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. புதுப் பிசின் அதனோடு வேதியியல் முறையில் இணைந்து ஒன்றாகிவிடாது. சொரசொரப்பான பரப்பைப் பற்றிக்கொண்டு ஒட்டி நிற்கும், அவ்வளவுதான். அந்தப் பிடிப்பின் வலு, இழைகளின் வலுவைவிட மிகக் குறைவு. 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரு விளிம்புகளை நேருக்கு நேர் வைத்து ஒட்டினால், ஒட்டும் பரப்பின் அகலமும் 3 மில்லிமீட்டர்தான். முதல் அலையிலேயே அது பிளந்துவிடும். விளிம்பைச் சரிவாகச் சீவி, அந்தச் சரிவின்மேல் ஒட்டினால் பரப்பு பெருகும். படகுத் தொழிலில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு 12க்கு 1. அதாவது 1 மில்லிமீட்டர் தடிமனுக்கு 12 மில்லிமீட்டர் சரிவு. எங்கள் 3 மில்லிமீட்டருக்கு ஒவ்வொரு பக்கமும் 36 மில்லிமீட்டர். ஒட்டும் பரப்பு 12 மடங்காகிவிடுகிறது. ஒரு கோட்டில் குவிந்த விசை அகலமாகப் பரவிவிடுகிறது.

முதலில் அறுந்த இழைகளை எல்லாம் வெட்டி எடுத்தோம். 190 மில்லிமீட்டர் நீளமும் 20 மில்லிமீட்டர் அகலமும் உள்ள திறப்பு உண்டானது. முனைகளை வட்டமாக்கினோம், கூரிய மூலை இருந்தால் அங்கிருந்து புது விரிசல் தொடங்கும். பிறகு கிரைண்டரில் சொரசொரப்பான உப்புத்தாளைப் பொருத்தி, திறப்பைச் சுற்றிலும் ஆழமற்ற தட்டுபோலச் சரிவை உண்டாக்கினோம். சீவும்போது பழைய அடுக்குகள் மரத்தின் வளையங்களைப்போல ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படும். அந்த வளையங்கள் ஒரே அகலத்தில் தெரிந்தால் சரிவு சீராக இருக்கிறது என்று பொருள்.

முடிக்கோடாக இருந்தது இப்போது 262 மில்லிமீட்டர் நீளமும் 92 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட பள்ளமாகிவிட்டது. நண்பர்களில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "படகை உடைத்தே விட்டீர்களா?" என்று கேட்டார். முதன்முறை செய்பவர்கள் பெரும்பாலும் தயங்குவது இங்குதான். ஆனால் இந்தப் பள்ளத்தில் மறைக்கப்பட்டது எதுவும் இல்லை. சுற்றிலும் இருப்பது நல்ல கண்ணாடியிழை மட்டுமே.

எந்தப் பிசின்?

கடையில் இரண்டு வகைகள் கிடைக்கும். பாலியெஸ்டர் பிசின் மலிவானது. எடையில் 1 முதல் 2 விழுக்காடு கேட்டலிஸ்ட் சேர்த்தால் இறுகும். இதன்மேல் ஜெல்கோட் நன்றாகப் பிடிக்கும். ஆனால் பழைய பரப்பில் இதன் ஒட்டும் திறன் குறைவு. எபாக்சி விலை கூடியது. பழைய கண்ணாடியிழையில் உறுதியாக ஒட்டும். நீரையும் நன்கு தடுக்கும். எங்கள் பழுது மிதவை அறையின் அடியில் இருந்ததால் எபாக்சியைத் தேர்ந்தெடுத்தோம்.

எபாக்சியில் ஹார்ட்னரின் அளவைக் கூட்டியோ குறைத்தோ இறுகும் நேரத்தை மாற்ற முடியாது. தயாரிப்பாளர் 5க்கு 1 என்றால் 5க்கு 1தான்; 2க்கு 1 என்றால் 2க்கு 1தான். அளவு தவறினால் அது என்றுமே முழுமையாக இறுகாது. அந்த விகிதம் எடையிலா கொள்ளளவிலா என்பதையும் பார்க்க வேண்டும். நேரத்தை நீட்டிக்க வேண்டுமானால் மெதுவாக வேலை செய்யும் ஹார்ட்னரை வாங்க வேண்டும். நம் வெப்பநிலைக்கு அதுவே ஏற்றது.

துணியிலும் கவனம் தேவை. வெட்டிய இழைகளைப் பரப்பிச் செய்த மேட்டில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை, பாலியெஸ்டர் பிசினிலுள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகச் சேர்க்கப்பட்டது. எபாக்சியில் அது சரியாகக் கரையாது. மேட் விறைத்து நிற்கும். எபாக்சிக்கு நெய்த துணியோ, இரு திசைகளில் இழைகளை அடுக்கித் தைத்த துணியோதான் பொருந்தும்.

எத்தனை அடுக்கு?

சதுர மீட்டருக்கு 400 கிராம் எடையுள்ள துணியைக் கையால் எபாக்சியில் தோய்த்து ஒட்டினால், ஓர் அடுக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமனாகும். 3 மில்லிமீட்டருக்கு ஆறு அடுக்குகள். சரிவின் 36 மில்லிமீட்டரை ஆறால் வகுத்தால் அடுக்குக்கு 6 மில்லிமீட்டர். எனவே முதல் துண்டு 262க்கு 92 மில்லிமீட்டர்; அடுத்தது 250க்கு 80; இப்படி ஒவ்வொன்றும் நீளத்திலும் அகலத்திலும் 12 மில்லிமீட்டர் குறைந்து, ஆறாவது துண்டு 202க்கு 32 ஆகிறது.

ஆறு துண்டுகளின் மொத்தப் பரப்பளவு 0.09 சதுர மீட்டர்கூட இல்லை. துணியின் எடை 36 கிராம். பிசினும் ஏறக்குறைய அதே எடை. தூரிகையிலும் குவளையிலும் வீணாவதைச் சேர்த்தாலும் 60 கிராம் கலந்தால் போதும். எழுபது எண்பது கிராம் பொருளைக் கொண்டு ஒரு படகைக் காப்பாற்றுகிறோம் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

பெரிய துண்டை முதலில் வைப்பதா, சிறியதை முதலில் வைப்பதா என்பதில் இரு வழக்கங்கள் உள்ளன. நாங்கள் பெரியதை முதலில் வைத்தோம். அது சரிவு முழுவதையும் ஒரே துணியாகப் பற்றிக்கொள்கிறது. கடைசியில் தேய்த்துச் சமன்செய்யும்போது தேய்வதும் மேலுள்ள சிறு துண்டுகள்தாம். முக்கியமான பெரிய துண்டு அடியில் பத்திரமாக இருக்கிறது.

திறப்பின் வழியே துணி உள்ளே தொங்கிவிடாமல் இருக்க அடித்தாங்கல் வேண்டும். எங்கள் படகின் அறைக்குக் கைவிடும் அளவுக்கு வட்ட மூடி இருந்தது. அதன் வழியே மெழுகு தடவிய மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை உள்ளிருந்து அழுத்தி ஒட்டுநாடாவால் நிறுத்தினோம். கை போக வழியில்லாத படகுகளில், முன்னதாகவே இறுகவைத்த மெல்லிய கண்ணாடியிழைத் துண்டொன்றை வளைத்து விரிசலின் வழியே நுழைத்து, அதில் கட்டிய நூலால் வெளியே இழுத்துப் பிடித்து ஒட்டுவார்கள். அந்தத் துண்டு உள்ளேயே தங்கிவிடும்.

ஒட்டும் நாள்

வெப்பநிலை 10 பாகை கூடினால் பிசின் இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். குளிர்நாட்டில் எழுதப்பட்ட வழிகாட்டியில் 40 நிமிடம் என்று இருப்பது நம் ஊரில் 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். பிசின் இறுகும்போது தானே வெப்பத்தை வெளியிடும். குவளையில் குவியலாக இருந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிப் புகைகூடக் கிளம்பும். கலந்தவுடன் தட்டையான தட்டில் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும்.

மழை இல்லாத நாளாகப் பார்த்து, காலைப் பனி உலர்ந்த பிறகு, 11 மணி அளவில் நிழலில் தொடங்கினோம். பரப்பை அசிட்டோனால் துடைத்து, அது ஆவியானதும் முதலில் பிசினை மட்டும் பூசினோம். பிறகு துணி, மறுபடி பிசின். தோய்ந்த துணி கண்ணாடிபோல ஒளி ஊடுருவக் கூடியதாகிவிடும். எங்கேனும் வெண்மையாகத் தெரிந்தால் அங்கே காற்று சிக்கியிருக்கிறது. சிறிய உருளையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உருட்டி அதை வெளியேற்ற வேண்டும். அடுக்குக்கு அடுக்கு இழைகளின் திசையை மாற்றி வைத்தோம். ஆறும் முடிந்தபின் பீல் பிளை என்னும் நைலான் துணியை மேலே படியவிட்டோம். மறுநாள் அதை உரித்தெடுத்தபோது சுத்தமான, சொரசொரப்பான பரப்பு கிடைத்தது. எபாக்சி இறுகும்போது ஈரக்காற்றில் மேலே மெழுகுபோன்ற ஒரு படலம் தோன்றும். அது இருந்தால் அடுத்த பூச்சு ஒட்டாது. பீல் பிளை அதைத் தன்னோடு எடுத்துச் சென்றுவிடும். அந்தத் துணி இல்லாதவர்கள் தேய்ப்பதற்கு முன் தண்ணீரும் தேய்ப்பானும் கொண்டு கழுவ வேண்டும்.

கைக்கு மறுநாளே கெட்டியாகத் தோன்றினாலும் முழு வலுவைப் பெற எபாக்சிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதுவரை படகைக் கடலில் இறக்கவில்லை.

மேற்பூச்சும் சோதனையும்

வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் எபாக்சியைச் சிதைக்கும். எனவே மேற்பூச்சு அழகுக்காக மட்டும் செய்யப்படுவதன்று. எபாக்சியில் மென்மையான நுண்கோளத் தூளைக் கலந்து பள்ளமேடுகளை நிரப்பி, நீண்ட பலகையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்தோம். எபாக்சியின்மேல் ஜெல்கோட் பிடிப்பது ஐயத்திற்குரியது என்பதால் இருபகுதி பாலியூரித்தேன் வண்ணத்தைப் பூசினோம்.

சோதனை எளிது. மறுபடி நாணயத்தால் தட்டினோம். ஓசை எங்கும் மாறவில்லை. உள்ளங்கையால் அழுத்தினோம், ஒட்டும் சுற்றுப்புறமும் ஒன்றாகவே வளைந்தன. படகை நிமிர்த்தி, அந்த அறைக்குள் சிறிது தண்ணீர் ஊற்றி ஒரு பகல் முழுவதும் வைத்தோம். வெளியே ஒரு துளியும் கசியவில்லை.

உடல்நலம் குறித்து

இதைச் செய்ய விரும்புவோர் பின்வருவனவற்றைக் கட்டாயம் மனத்தில் கொள்ள வேண்டும். கண்ணாடியிழைத் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் கேடு. தூசு வடிகட்டும் முகக்கவசமும் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் இன்றி கிரைண்டரைத் தொடக்கூடாது. எபாக்சி தோலில் படப்பட ஒவ்வாமை உண்டாகலாம். அது வந்தபின் வாழ்நாள் முழுதும் எபாக்சியின் பக்கமே போக முடியாது. கையுறை அணிய வேண்டும்; கையில் பட்டதை அசிட்டோனால் கழுவக்கூடாது, ஏனெனில் அது பிசினைத் தோலுக்குள் கொண்டுசெல்லும். பாலியெஸ்டர் பிசினின் கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதை கோபால்ட் வேகமூட்டியுடன் நேரடியாகக் கலந்தால் வெடித்துவிடும்.

தூக்கி எறிந்தால் என்ன?

இத்தனை பாடு எதற்கு, பழைய படகைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றை வாங்கினால் என்ன என்று கேட்கலாம். இறுகிய பிசின் மீண்டும் உருகாது. எனவே கண்ணாடியிழையை உருக்கி வேறொன்றாக வார்க்க முடியாது. மரம்போல மட்கவும் செய்யாது. எரித்தால் பிசின் எரியும், கண்ணாடி எஞ்சும். சிங்கப்பூரில் எரிக்கப்படும் குப்பையின் சாம்பல் செமாக்காவ் தீவிலுள்ள நிரப்பிடத்தைச் சேர்கிறது. 1999இல் தொடங்கப்பட்ட அந்த இடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. அழியாத பொருளால் செய்த ஒன்றை நீண்டகாலம் பயன்படுத்துவதே அதற்கு நாம் செய்யக்கூடிய நியாயம்.

ஆனால் எல்லாப் படகுகளையும் காப்பாற்ற வேண்டும் என்றும் நான் சொல்ல வரவில்லை. நாணயம் தட்டிய இடமெல்லாம் ஓசை மந்தமாக இருந்தால், அடுக்குகள் பரவலாகப் பிரிந்திருந்தால், அந்தப் படகை ஓய்வுபெற விடுவதே நல்லது. எங்கள் படகில் சேதம் ஒரே இடத்தில் இருந்தது. அதன் காரணமும் தெரிந்தது. அதனால் துணிந்தோம்.

ஒட்டுவதற்கு ஆன நேரம் ஒன்றரை மணி மட்டுமே. தேடுவதற்கும் உலர்த்துவதற்கும் சீவுவதற்கும் ஆனவை வாரக்கணக்கு. உங்களில் யாரேனும் இப்படியொரு படகைக் கண்டால், வண்ணம் மங்கிய இடத்தில் முதலில் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். விலை பேசுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.